அரண்மனையில் ஒரு கட்டில்

நவம்பர் மாதம் வந்தால் நம் பிள்ளைகள் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள். அந்தப் பூவை உலகறியச் செய்த கவிதையை எழுதியவர் ஜோன் மக்ரே. நம் மொன்றியல் வைத்தியசாலைகளில் வேலை செய்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவருக்குக் கற்பித்த வைத்தியர். பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகே 1915 மே தொடக்கத்தில் அவர் அதை எழுதினார். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 26 இல், கனேடியப் படையைத் தாக்கிய அதே விஷவாயுப் போர்முனைக்கு இந்தியச் சிப்பாய்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். இதைப் பாடசாலையில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

அவர்களில் தமிழர் மிகக் குறைவு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்த நம் ஆட்கள் பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் மெசப்பொத்தேமியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1914 செப்டெம்பர் முதல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் பஞ்சாபிகள், பட்டாணியர், கட்வாலிகள், கூர்க்காக்கள். ஆகவே இது நேரடியாக நம் பாட்டன்மாரின் கதை அல்ல. ஆனால் ஊரை விட்டு, கடல் தாண்டி, குளிர் தேசத்தில் படுத்துக்கொண்டு வீட்டை நினைத்தவர்களின் கதை. அது நமக்கு அந்நியமானதா என்ன?

காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்தின் தென்கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிரைட்டன் என்ற கடற்கரை நகரத்தில் நான்காம் ஜோர்ஜ் மன்னர் கட்டிய ஓர் உல்லாச மாளிகை உண்டு. வெளியே பார்த்தால் முகலாயர் அரண்மனை மாதிரி கும்பமும் தூணுமாக இருக்கும். இந்தியர்களுக்குச் சொந்த ஊர் போல இருக்கட்டும் என்று 1914 டிசம்பரில் அதையே வைத்தியசாலை ஆக்கினார்கள். பஞ்சாபிக் கிராமத்து மண் வீட்டில் பிறந்தவன் கண் விழித்தபோது தலைக்கு மேல் மாளிகையின் சரவிளக்கு தொங்கியது. சாதி, மதம் பார்த்துச் சமைக்க ஒன்பது சமையற்கூடங்கள் இருந்தன. இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், முஸ்லிம்களுக்கு வேறொன்று. மன்னரும் அரசியாரும் வந்து பார்த்தார்கள். படம் பிடித்து, தபால் அட்டையாக்கி, இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். கவனிப்பு உண்மையில் நன்றாகவே இருந்தது. அதை மறுப்பது நியாயமில்லை.

ஆனால் குணமான பிறகு எங்கே போவது? படுகாயம் பட்டு, இனி உதவாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தவனுக்கு ஊருக்குக் கப்பல் கிடைத்தது. ஓரளவு தேறியவனை ஹாம்ப்ஷயர் கரையில் பார்ட்டன் என்ற இடத்துக்கு அனுப்பி, உடம்பைத் தேற்றி, மறுபடி பிரான்சின் பதுங்குகுழிக்கே திருப்பினார்கள். பிரித்தானியச் சிப்பாய்க்கு விடுமுறை கிடைத்தால் ஒரு நாளில் தாயின் வாசலில் நிற்கலாம். இந்தியனின் வீடு பல வாரக் கப்பல் பயணத்துக்கு அப்பால் இருந்தது. அவன் புண் ஆற ஆற அவன் பயம் கூடியது. தகப்பனைப் பார்க்க வேண்டும், தங்கையின் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும் என்று ஏங்கியவனுக்கு, கால் சுகமாவதே ஒரு கெட்ட செய்தியானது.

ஈப்பரில் வாயுவுக்குள் நின்று தோழர்களைக் காப்பாற்றிய மீர் தஸ்த் என்ற ஜமேதாருக்கு 1915 ஆகஸ்ட் 25 அன்று பிரைட்டன் மாளிகைத் தோட்டத்தில் மன்னரே விக்டோரியா சிலுவைப் பதக்கத்தை அணிவித்தார். ஒருமுறை காயப்பட்டவனை மறுபடி போர்முனைக்கு அனுப்பாதீர்கள் என்று அவர் அப்போது மன்னரிடம் கேட்டதாக ஒரு கடிதத்தில் செய்தி இருக்கிறது. எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கக்கூடிய நேரத்தில் அவர் கேட்டது இதைத்தான். பதக்கம் நல்லதுதான், ஆனால் அந்த வாயு என்னை விடவில்லை என்ற பொருளில் அவரே பிறகு ஊருக்கு எழுதினார்.

அதே நகரத்தில் கிச்சனர் வைத்தியசாலை என்று இன்னொன்று இருந்தது. முன்பு அது ஏழைகளை அடைத்து வைத்த விடுதி. அங்கே நோயாளிகள் நினைத்தபடி வெளியே போக முடியாது. மதில், முட்கம்பி, காவல். ஆங்கிலப் பெண்களோடு பழகிவிடுவார்கள் என்ற பயமே இதற்கு முக்கிய காரணம். அங்கிருந்த சிலர் தங்கள் கடிதத்தில் அதைச் சிறை என்றே எழுதினார்கள். தபால் அட்டையில் வந்தது மாளிகையின் படம் மட்டும்.

கடிதம்தான் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே வழி. பலருக்கு எழுதத் தெரியாது. படித்த ஒருவன் கட்டிலருகே உட்கார்ந்து எழுத, படுத்திருப்பவன் சொல்வான். பயிர் எப்படி, எருமை கன்று போட்டதா, கடன் அடைந்ததா என்று கேட்பான். எழுதியவன் முதல் வாசகன் என்றால், பிரான்சின் பூலோன் நகரில் இருந்த தணிக்கை அதிகாரிகள் அடுத்த வாசகர்கள். இது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகு மிச்சம் இருக்கிறது என்று மறைபொருளில் எழுதினார்கள். கறுப்பு இந்தியர், சிவப்பு வெள்ளையர். தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்காதே என்பதையும் இப்படிச் சுற்றி வளைத்தே சொல்ல வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நீல நிற ஏரோகிராமில் கடிதம் வந்த வீடுகள் நம் சபையில் உண்டு. 'இங்கே எல்லோரும் சுகம்' என்ற வரியை அம்மாமார் எத்தனை முறை திருப்பித் திருப்பி வாசித்தார்கள் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இங்கே வை.எம்.சி.ஏ.வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வட அமெரிக்காவின் முதல் வை.எம்.சி.ஏ. 1851 இல் நம் மொன்றியலில்தான் தொடங்கியது. போரில் இந்தியச் சிப்பாய்களிடையே வேலை செய்ய அந்த இயக்கத்துக்கு அனுமதி கிடைத்தபோது ஒரு நிபந்தனை விதித்தார்கள்: பிரசங்கம் செய்யக்கூடாது. மிஷனரி ஆர்வம் உச்சத்தில் இருந்த காலம் அது. இருந்தும் ஒப்புக்கொண்டார்கள். தேநீர் கொடுத்தார்கள், காகிதம் கொடுத்தார்கள், எழுதத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். பிரான்சில் இந்தப் பணியைச் செய்தவர்களில் எஸ். கே. தத்தா என்ற இந்தியக் கிறிஸ்தவரும் ஒருவர். 1916 இல் இந்திய வை.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரானவர் சேலத்தில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் கே. டி. பால். ஒரு சீக்கியத் தாய்க்கு அவள் மகனின் கடிதத்தை எழுதிக் கொடுத்ததை நான் சுவிசேஷ வேலைக்கு வெளியே வைக்கமாட்டேன். வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றி வாதிடலாம்.

கனேடியருக்கு நிலைமை வேறு. 1917 இல், நம் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட் ஆன் ட பெல்வியூவில், போரிலிருந்து திரும்பிய காயப்பட்டவர்களுக்காக ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். நெடுஞ்சாலை 40 இல் மேற்கே போகிறவர்கள் அந்தப் பக்கம் கடந்திருப்பீர்கள். மொன்றியல் குடும்பம் ரயில் ஏறிப்போய் மகனைப் பார்க்கக்கூடிய தூரம். மக்ரே கடைசிவரை வேலை செய்த மக்கில் படை வைத்தியசாலை பிரான்சில் முதலில் இயங்கியதோ, இந்தியாவிலிருந்து வந்த தர்பார் கூடாரங்களுக்குள். அலங்காரத்துக்கென்று தைத்த அந்தத் துணி அங்குள்ள மழைக்கும் காற்றுக்கும் தாங்கவில்லை. பிறகு பூலோனுக்கு மாறினார்கள். அதாவது, சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்த அதே ஊருக்கு.

பிரைட்டன் வைத்தியசாலைகளில் இறந்த இந்துக்களும் சீக்கியருமாக 53 பேரை நகருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அங்கே வெள்ளைப் பளிங்கில் சத்ரி என்ற நினைவு மண்டபம் 1921 முதல் நிற்கிறது. கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்கள் பெரும்பாலும் கரையானுக்கும் காலத்துக்கும் போய்விட்டன. இன்று லண்டன் நூலகத்தில் நாம் வாசிக்கக் கிடைப்பவை தணிக்கை அதிகாரிகள் தங்கள் மேலதிகாரிக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள்தான். அந்த மகன்கள் தாய்க்குச் சொன்ன வார்த்தைகளை நமக்காகக் காத்து வைத்தவர்கள், அவற்றைச் சந்தேகத்தோடு படித்தவர்கள்.