ஹேர்மனின் செடித்திரட்டும் தரவுப் பகிர்வும்
உயிரினத் தரவுகளை நாடுகள் தம்முட் பகிர்தல் வேண்டுமென இன்று பெரிதும் பேசப்படுகின்றது. திரட்டியவர் யார், சேர்ந்த இடம் எது என நாம் முதலில் வினவுதல் வேண்டும். 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையிலிருந்த போல் ஹேர்மன் செடிகளைத் திரட்டினார். சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். அத்திரட்டினை ஆதாரமாகக் கொண்டே, இத்தீவினைக் கண்டிராத லினேயஸ் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’வை வெளியிட்டார். கறுவாவும் செடியறிவும் ஒரே கம்பெனி வழியாக ஐரோப்பா சென்றமை தற்செயலன்று. அச்செடிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. படங்கள் இணையத்திற் கிடைக்கின்றன; வரவேற்கத்தக்கதே. ஆயினும் பார்க்கும் உரிமை வேறு, எதனைத் திரட்டுவதெனத் தீர்மானிக்கும் உரிமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நமது ஈரவலயத்துக்கும் பொதுவான இனங்கள் பல. அவற்றைப் பேராதனையும் தென்னிந்தியத் தாவரக் காப்பகங்களும் நேரடியாகவே ஒப்பிட்டு, சிங்கள, தமிழ், மலையாளப் பெயர்களுடன் பொதுப்பட்டியலாக்கத் தொடங்கலாம்.