ஒரு பாட்டும் ஒரு பெயரும்



நம் போர்ட் கிள்ளான் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. 1972 வரை அதற்கு வழங்கிய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். நம் பாட்டன் பாட்டிமார் கப்பலைவிட்டுக் கால் வைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலும் இங்கும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தகரப் பெட்டியில் மாற்றுத் துணியும் சாமி படமும் இருந்தன. பெட்டியில் அடங்காத ஒன்றும் அவர்களோடு வந்தது. அதுதான் பாட்டு.

இன்று, ஒரே ஒரு பாட்டினால் பெயர் பெற்றவர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அண்மையில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டோம். "சுராங்கனி பாட்டு யாருக்குத் தெரியும்?" எல்லாக் கைகளும் உயர்ந்தன. "அதைப் பாடிப் பரப்பியவர் யார்?" ஒரு கையும் உயரவில்லை. நாமும் தேடிப் படித்த பின்னரே அதற்கு விடை சொல்ல முடிந்தது.

அவர் இலங்கைத் தமிழர் ஏ. இ. மனோகரன். இலங்கையில் பைலா என்றொரு துள்ளிசை உண்டு. ஆடுவதைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் வேடிக்கைப் பாட்டை, சிங்களமும் தமிழும் கலந்து, 1970களில் அவர் மேடைதோறும் பாடினார். பாட்டு கடல் தாண்டியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். அங்கே அதைப் பாடியவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? இந்த மண்ணில் பிறந்து, இங்கே நாடக மேடை ஏறி, பின்பு சென்னைக்குச் சென்ற நம் மலேசியா வாசுதேவன்! மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். இலங்கை மக்கள் அவரைப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று போற்றினார்கள். அவர் பாடிய பாடல்கள் பல. ஆனால் வெளியில் உள்ளவர்களுக்கு அவர் ஒரு பாட்டுக்காரர்தான்.

ஏன் இப்படி நேர்கிறது? மூன்று காரணங்களைக் காணலாம்.

முதற்காரணம் தூரம். ஜப்பானியப் பாடகர் கியூ சகமோட்டோ 1961இல் பாடிய ஒரு பாட்டு, 1963இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. கண்ணீர் கீழே சிந்தாதபடி மேலே பார்த்து நடப்போம் என்பது அதன் கருத்து. ஜப்பானியப் பெயர் வாயில் நுழையாது என்று கருதிய வெளிநாட்டு வியாபாரிகள் அதற்கு 'சுகியாகி' என்று பெயர் வைத்தார்கள். அது இறைச்சிச் சமையல் ஒன்றின் பெயர்! சோகப் பாட்டுக்குக் குழம்பின் பெயரை வைத்தது போன்ற கதை இது. தம் நாட்டில் சகமோட்டோவுக்குப் பல வெற்றிப் பாடல்கள் இருந்தன. உலகம் கேட்டது ஒன்றைத்தான். 1985இல் நடந்த விமான விபத்தில் அவர் மாண்டார். ஆகவே ஒருவர் ஒரு பாட்டோடு நின்றுவிட்டார் என்று நாம் சொல்லும்போது, நம் காது ஒரு பாட்டோடு நின்றுவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் உடலும் காலமும். 1992இல் வந்த 'ரோஜா' படத்தில் 'சின்னச் சின்ன ஆசை' பாட்டைப் பாடியவர் மின்மினி. மறு ஆண்டு லண்டன் மேடையில் பாடும்போது அவருடைய குரல் போயிற்று. மீண்டும் பாட அவருக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. மதுரையை அடுத்த பரவை முனியம்மாவின் கதை இதற்கு நேர்மாறானது. ஊர் ஊராக நாட்டுப்புறப் பாட்டுப் பாடி முதுமை எய்திய பிறகே, 2003இல் 'தூள்' படத்தில் பாடி உலகத் தமிழர் அனைவருக்கும் அறிமுகமானார். 2020இல் மறைந்தார். சினிமாவுக்கு அது ஒரு பாட்டு. அவருக்கோ அது ஓர் ஆயுள் முழுதும் செய்த உழைப்பின் ஒரு துளி.

மூன்றாவது காரணம் வாணிகம். இதுதான் நாம் கவனமாகக் கேட்க வேண்டியது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். 1949இல் வந்த சிறிய 45 சுற்றுத் தட்டிலும் பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் பெரும்பாலும் இருந்தது. ஆக, ஒரு பாட்டே தனிச் சரக்காக விற்றது. சரக்கு விற்றால் பணம் வரும். அந்தப் பணம் யார் கைக்குப் போயிற்று?

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற சூலு இனத் தொழிலாளி இருந்தார். ஜொகானஸ்பர்க்கில் இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை செய்தவர். 1939இல் தம் குழுவினரோடு 'இம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். சூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். அந்தப் பாட்டின் உரிமைக்கு அவர் பெற்ற தொகை பத்து ஷில்லிங் என்கிறார்கள். தட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் விற்றது. 1961இல் அமெரிக்காவில் ஆங்கிலச் சொற்களோடு புது உருவெடுத்து முதலிடம் பிடித்தது. 1962இல் லிண்டா வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1994இல் 'லயன் கிங்' படத்திலும் அப்பாட்டு ஒலித்தது. அவருடைய மகள்மார் வழக்குத் தொடர்ந்து, 2006இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

நேயர்களே, படித்துப் பார்க்காத தாளில் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். லிண்டாவின் கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பாட்டை இயற்றியவருக்கு அவர் ஆயுள் முழுதும், அதன்பின் ஐம்பது ஆண்டுகளும் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமையைக் கையெழுத்திட்டு வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடவும் முடியும். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பாடிப் பதிவு செய்கிறார்கள். பாடட்டும், மகிழ்ச்சியே. யாராவது தாளை நீட்டினால், படித்துப் புரிந்துகொண்ட பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். பால் வெட்டிக்கொண்டே பாடிய பாட்டுகள், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்க வைத்த தாலாட்டுகள் நம் லயங்களில் எத்தனையோ இருந்தன. அவற்றுக்கு இசைத்தட்டும் இல்லை, வானொலியும் இல்லை. நம் மாணவி ஒருத்தியிடம் அவள் பாட்டி பாடும் தாலாட்டை எழுதி வரச் சொன்னோம். பள்ளி விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். விடுமுறை முடிந்து அவள் வந்தபோது பாட்டி இல்லை. இரண்டே அடிகள்தாம் அவள் நினைவில் இருந்தன. தள்ளிப்போட்ட பிழை நம்முடையது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பலரும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். லயம் போனாலும் பாட்டு போக வேண்டியதில்லை. இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். ஏட்டில் எழுதுங்கள். அதன் கீழே பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் குறியுங்கள். ஒரே ஒரு பாட்டாயினும் போதும்.