மாற்றுதலா, ஏற்றுக்கொள்ளுதலா?
மதியிறுக்கமுடைய இளையோர் பராமரிப்பின் வரலாறும் திருச்சபையின் கடமையும்

மதியிறுக்கம் முதலிய நரம்பியல் வேறுபாடுகளோடு பிறந்து, இன்று வாலிபப் பருவத்தை எட்டியிருப்போர் நம் சபைகளில் உளர். அவர்தம் பெற்றோர் ஆயரிடம் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளுடன் வருகின்றனர்: "ஐயா, இவன் சுகமாக ஜெபியுங்கள்." இங்கே 'சுகம்' என்னும் சொல்லின் பொருள் யாது? அவன் வேறொருவனாக மாறுதலா? அன்றித் தான் தானாகவே இருந்து நோவின்றி வாழ்தலா? இவ்வினாவை வரலாற்றின் ஒளியில் ஆராய்ந்து, தருமபுரி மாவட்டம் போன்ற நாட்டுப்புறப் பகுதிகளில் பணியாற்றுவோர்க்கு அதனால் விளையும் கடமையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சுவரும் குடும்பமும்

தமிழகத்தில் மனநலப் பராமரிப்பு சுவரோடு தொடங்கிற்று. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கொனலி சென்னையில் ஒரு காப்பகத்தை நிறுவினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்திற்கு மாறிற்று. 1912ஆம் ஆண்டின் சட்டமோ, மனநோயாளரையும் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியோரையும் 'பித்தர்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிற்று. நோய் வேறு, பிறவி இயல்பு வேறு என்னும் தெளிவு அன்று சட்டத்தில் இல்லை.

இச்சுவரைத் திறந்த முயற்சிகளுள் ஒன்று தருமபுரியினருக்கு எட்டும் தொலைவிலேயே நிகழ்ந்தது. 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மறைப்பணியாளரான மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால், பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கிற்று. நோயாளியோடு உறவினரும் உடன் தங்குதல் அங்கு முறையாயிற்று. அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்து இதே வழியில் முன்சென்றிருந்தார். உறவினர் பார்வையாளராக வந்து செல்லும் நிலை மாறி, பராமரிப்பில் பங்காளிகளாயினர். ஆயினும் சங்கிலி முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீக்கிரையான 28 பேரின் மரணம் நாட்டுக்கு உணர்த்திற்று. அவர்களுள் பலர் கட்டப்பட்டிருந்தமையால் ஓட இயலாதவர்.

2. கிணறு தோண்டிய சிறுவன்

மதியிறுக்கத்தை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது 1943இல். அமெரிக்காவில் லியோ கானர் 11 சிறுவரைப் பற்றி எழுதிய ஆய்வுரையில் முதலாமவர் மிசிசிப்பி மாநிலத்து டொனால்டு டிரிப்லெட். மூன்று வயதில் அவரை விடுதியில் சேர்க்குமாறு மருத்துவர் கூறினர், பெற்றோர் சேர்த்தனர். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அறிவுரையை மீறி அவரை வீட்டுக்கு அழைத்துவந்தனர். 1942இல் ஓர் உழவர் குடும்பத்தில் வாழவிட்டனர்.

அவ்வுழவரும் மனைவியும் செய்தது நம் கவனத்திற்குரியது. அளப்பதிலும் எண்ணுவதிலும் அவருக்கிருந்த தீராத ஈடுபாட்டை அவர்கள் அடக்க முற்படவில்லை. கிணறு தோண்டி ஆழம் சொல்லச் செய்தனர். சோள வரிசைகளை எண்ணியபடியே உழவிட்டனர். செத்த பறவைகளை அவர் சேர்த்தபோது, ஒரு மூலையைக் கல்லறைத் தோட்டமாக ஒதுக்கித் தந்தனர். பிற்காலத்தில் அவர் பட்டம் பெற்று, வங்கியில் பணியாற்றி, ஊராரின் மதிப்போடு வாழ்ந்து, 2023இல் 89ஆம் வயதில் மறைந்தார். அப்பதினொருவருள் அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டோரின் வாழ்வோ தேய்ந்து போயிற்று என்பதைக் கானரே 1971இல் பதிவுசெய்தார்.

ஒன்றை மறைத்தலாகாது. டொனால்டின் குடும்பம் செல்வமுடையது. அவர் பணியாற்றியதும் தாய்வழி உறவினரின் வங்கியிலேயே. செல்வமில்லா வீட்டுப் பிள்ளைக்கு அவ்விடத்தைத் தருபவர் யார்? இவ்வினாவே நம்மைத் தருமபுரிக்குக் கொண்டுவருகிறது.

3. தருமபுரியில் நம் கடமை

1993இல் டொரன்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர், தாமே மதியிறுக்கமுடையவராய் நின்று, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர் என்னும் கருத்தைப் பெற்றோர்முன் வைத்தார். ஏற்று உறுதிப்படுத்தும் சிகிச்சை இக்குரலுக்குச் செவிகொடுத்தது. கண்ணுக்குக் கண் நோக்கும்படி வற்புறுத்துவதும், கையசைவைத் தடுப்பதும் அதன் இலக்கல்ல. பேசாதவர்க்கு எழுத்தாலும் படத்தாலும் வழிதிறத்தல், தாங்கவொண்ணாத ஒலியைக் குறைத்தல், அவரது விருப்பத்தை அவரிடமே கேட்டல் ஆகியனவே அதன் வழிகள். வலிப்பு, உறக்கமின்மை, பெருங்கவலை ஆகியவற்றுக்கு மருத்துவம் வேண்டும். ஏற்றுக்கொள்ளுதல் மருந்தை மறுத்தலன்று.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. 2013இல் தொடங்கிய நடுவணரசின் சிறார் நலத் திட்டம் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய வகைசெய்கிறது. ஆனால் அது 18 வயதோடு முடிகிறது. அதன்பின், பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குச் செல்லும் பெற்றோர் அம்மகனை யாரிடம் விட்டுச் செல்வர்?

வழியில்லை என்று கூற நமக்கு உரிமையில்லை. இம்மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993 முதல் பழங்குடிப் பெண்களையே நலப்பணியாளராகப் பயிற்றுவித்தனர். அது மதியிறுக்கத்திற்கென எழுந்த பணியன்று. எனினும் பராமரிப்போர் அவ்வூரிலேயே உளர் என்பதை அது மெய்ப்பித்தது. மிசிசிப்பி உழவரும் கல்லூரி கண்ட வல்லுநர் அல்லர்.

ஆயர் செய்யத்தக்கவை பெரியன அல்ல. பேய் பிடித்தது என்னும் பேச்சை மறுத்தல் முதலாவது. ஒலிபெருக்கிக்கு எட்ட ஓர் இருக்கையை ஒதுக்குதலும், ஆராதனை முறையை முன்கூட்டியே விளக்குதலும் எளியவை. திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் ஒப்புவிக்க இயலாதவரை விலக்காமல், அவர் அறிந்த முறையில் விடையளிக்கவிட்டுத் திருவிருந்துக்கு அழைத்தல் இன்றியமையாதது. உழைத்துப் பயன்தருவதால் அன்று, சபையின் அங்கமாக இருப்பதாலேயே அவ்விடம் அவருக்குரியது.

எரிகோ சாலையில் பர்திமேயுவைக் கூட்டம் அதட்டிற்று. இயேசுவோ, அவன் குருடன் என்பது கண்கூடாயிருந்தும், அவன் விரும்புவது யாதென்று அவனிடமே முதலில் வினவினார். அவ்வினாவை நம் சபையிலுள்ள இளைஞனிடம் நாம் இதுவரை கேட்டதுண்டோ?