உடைந்த கலமும் உருவான ஒழுங்கும்

பொறுப்பில் இருப்போர் தம் தோல்வியைப் பிறர் கணக்கில் எழுதுவது உலக வழக்கு. 'ஆட்கள் சரியில்லை' என்ற ஒரு சொல்லில் பழி முழுவதும் கீழே இறங்கிவிடுகிறது. அத்தகைய தோல்வி ஒன்றைத் தம் இளமையிலேயே கண்டவர், பின்னாளில் மேலைநாட்டுத் துறவறத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். அவரே புனித ஆசீர்வாதப்பர்.

இத்தாலியின் நூர்சியாவில், ஏறத்தாழ 480-ஆம் ஆண்டில் பிறந்த அவர், உரோமையில் தொடங்கிய கல்வியைத் துறந்து, சுபியாக்கோ மலைக்குகையில் மூன்று ஆண்டுகள் தனித்திருந்து தவம் செய்தார். அவருடைய புனிதத்தைக் கேள்வியுற்ற அண்மை மடம் ஒன்றின் துறவியர், தங்கள் தலைவர் இறந்தபின் அவரை நாடி வந்தனர். தம் வழி அவர்களுக்கு ஒத்துவராது என்று அவர் மறுத்தும் அவர்கள் விடவில்லை. பொறுப்பேற்றவர் கண்டிப்பான ஒழுங்கை நிலைநாட்டினார். தளர்ந்த வாழ்வுக்குப் பழகியிருந்தோர் அதனைத் தாங்காமல், அவர் அருந்தவிருந்த திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்தனர். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் கண்ணாடிக் கலம் உடைந்து சிதறியது என்று திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் 'உரையாடல்கள்' நூலில் எழுதுகிறார். அவர்கள்மீது இறைவன் இரங்குமாறு வேண்டிவிட்டு, ஆசீர்வாதப்பர் தம் தனிமைக்கே திரும்பினார்.

கிரகோரியார் குற்றத்தை அத்துறவியர்மீதே சுமத்துகிறார். நஞ்சிட்டவர்களுக்காக வாதாட நாமும் முன்வரோம். ஆயினும், 529-ஆம் ஆண்டளவில் மோந்தே கசினோ மலையில் மடம் நிறுவி, அங்கு அவர் வகுத்த துறவற ஒழுங்கைப் படிக்கும்போது, அந்தக் கலம் உடைந்த ஓசை நம் செவியில் விழுகிறது. மடாதிபதி துருவை அளவு மீறிச் சுரண்டினால் கலமே உடைந்துபோகும் என்று 64-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. மந்தையை மிகுதியாக ஓட்டினால் ஒரே நாளில் அனைத்தும் மடிந்துவிடும் என்ற யாக்கோபின் விவேகத்தையும் அது நினைவூட்டுகிறது. மடாதிபதி தம் பலவீனத்தை என்றும் மறவாதிருக்க வேண்டும். அச்சத்துக்கு உரியவராக இருப்பதைவிட அன்புக்கு உரியவராக இருக்க நாட வேண்டும். இவ்வறிவை எங்கே கற்றார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. நாம் ஊகிக்கலாம்.

இவ்வறிவு வெறும் அறிவுரையாக நின்றுவிடவில்லை. மடத்தில் முக்கியமான காரியம் எழும்போது, மடாதிபதி அனைவரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். சிறந்த வழியை ஆண்டவர் பல வேளைகளில் இளையவர்க்கே வெளிப்படுத்துகிறார் என்கிறது 3-ஆம் அதிகாரம். முடிவெடுக்கும் பொறுப்போ மடாதிபதியுடையதே. குழு பெரிதாயின், நம்பத்தக்கோரைப் பதின்மர் தலைவர்களாக அமர்த்திச் சுமையைப் பகிர வேண்டும். பண்டகசாலைப் பொறுப்பாளர், தகாத ஒன்றை ஒருவர் கேட்டாலும் இகழாமல், காரணம் கூறித் தாழ்மையுடன் மறுக்க வேண்டும். கொடுக்க ஏதுமில்லையெனில் ஓர் இன்சொல்லாவது கொடுக்க வேண்டும். மடத்தின் கருவிகளை அவர் பீடத்தின் திருக்கலங்களைப் போல் பேண வேண்டும்.

இவ்வளவு கனிவும் தளர்ச்சியன்று. தவறியவரை இருமுறை தனிமையில் எச்சரிக்கவும், திருந்தாவிடில் யாவர்முன்னும் கண்டிக்கவும் ஒழுங்கு கட்டளையிடுகிறது. ஆனால் ஒருவரை இன்சொல்லாலும், மற்றவரைக் கண்டனத்தாலும், வேறொருவரை அறிவுறுத்தலாலும் அவரவர் இயல்புக்கேற்ப நடத்த வேண்டும். இளமையில் அனைவர்மீதும் ஒரே கண்டிப்பை வைத்தவர், பின்னாளில் ஒவ்வொருவரையும் தனித்தனியே நோக்கக் கற்றுக்கொண்டார் போலும்.

மோந்தே கசினோவின் சுவர்கள் பலமுறை இடிந்தன. 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சால் மடம் தரைமட்டமாயிற்று. மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயத்தை 1964 அக்டோபர் 24-ஆம் நாள் அர்ச்சித்த திருத்தந்தை ஆறாம் பவுல், ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். கற்கள் வீழ்ந்தபோதும் 73 அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நூல் நிலைத்து நிற்கிறது.

அலுவலகத்திலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ, பங்குப் பேரவையிலோ நம்மில் பலருக்கும் சிலர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டுள்ளனர். அவர்கள் முணுமுணுக்கும்போது நாம் பெரும்பாலும் விசாரணையைத் தொடங்குகிறோம். ஆசீர்வாதப்பர் செய்தது வேறு. சமையற்கூடத்தில் பணிபுரிவோர்க்கு, உணவு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, வழக்கமான பங்குக்கு மேலாகச் சிறிது அப்பமும் பானமும் கொடுக்கச் சொன்னார். முணுமுணுப்பின்றிப் பிறர்க்குப் பரிமாற அது உதவும் என்பதே அவர் தரும் காரணம். பசித்தவன் பரிமாறும் பந்தியின் வருத்தத்தை அவர் அறிந்திருந்தார். நம் மேசைகளைச் சுற்றிப் பணிபுரிவோரைக் குறை கூறுமுன், அவர்களுக்குரிய அப்பத்தை வேளையோடு கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.