பெயர் பொறிக்காத கட்டாரி

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டை அறியாதார் இலர். அதன் இறுதியில், சபையார் பணிக்க அவ்வேற்பாட்டை எழுதிய மத்தியஸ்தன், காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் எனத் தன் பெயரையும் எழுதிவைத்தான் என்பதை அறிந்தோர் சிலரே. ஓலையும் கல்லும் எழுதினோர்க்குக் கிடைத்த இப்பேறு, இரும்பில் உழைத்தோர்க்கு வாய்த்ததா என்ற வினாவைத் தஞ்சைக் கட்டாரி எழுப்புகிறது.

குத்துவாள் வகையுள் கட்டாரி தனித்தன்மை உடையது. பிற குத்துவாள்களில் பிடி, அலகின் நேர்கோட்டில் அமையும். கட்டாரியிலோ இணையாக நீளும் இரு சட்டங்களுக்கிடையே குறுக்குக் கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை முட்டியாகப் பற்றினால் அலகு முன்கையின் நீட்சியாகிவிடும். குத்தின் வலிமை மணிக்கட்டில் தளராது, தோளிலிருந்து முனைவரை நேரே செல்லும்.

விசயநகர, நாயக்கர் காலத் தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையை மறைக்கும் காப்புத் தகடு ஒன்றும் உண்டு. இலைபோன்றும் பாம்பின் படம்போன்றும் வளைந்த அத்தகட்டிலும் அதனைச் சார்ந்த பிடியிலும் கம்மியர் தம் கலையைக் காட்டினர். இரும்பை உளியால் செதுக்கியும், ஊடுருவத் துளையிட்டும் கொடிகளையும் பறவைகளையும் யாளிகளையும் வடித்தனர். கோயிற்றூணில் ஆளுயரம் எழுந்து நிற்கும் யாளி, இங்கே விரலளவில் உயிர்பெற்றது.

வியப்பு என்னவெனில், இக்கட்டாரிகள் பலவற்றின் அலகு நம் நாட்டதன்று. கடல்வழி வந்த ஐரோப்பிய வாள்களின் அலகை வேண்டிய அளவிற்கு வெட்டி, பிடியிலிருந்து நீளும் பட்டைகளுக்கிடையே வைத்து, தறையாணி அடித்து இறுக்கினர். அயலார் இரும்பு, நம்மவர் அணிந்துவித்த கோலத்தால் தமிழ்நாட்டுப் படைக்கலம் ஆயிற்று.

இதனோடு சப்பானியரின் ‘தாந்தோ’ என்னும் குத்துவாளை ஒப்பிட்டுக் காணல் தகும். அங்கும் அலகு வேறு, அணிகலன் வேறு. அலகை அடிப்பவர், தீட்டுபவர், உறை செய்பவர், காப்புத் தகட்டையும் பிடியின் அணிகளையும் செதுக்குபவர் எனத் தொழில் பலர் கைப்படும். ஆயினும், பிடிக்குள் மறையும் காம்பில் கொல்லன் தன் பெயரைப் பொறித்தல் அங்கே பெருவழக்கு. பிடியை இறுக்குவது ஒரு மூங்கில் முளையே. அதனைக் கழற்றினால் பெயர் வெளிப்படும். அணிகள் செதுக்கிய கோத்தோ குடும்பத்தார் 17 தலைமுறையினரின் பெயர் வரிசையும் நமக்குக் கிடைக்கிறது. தஞ்சைக் கட்டாரியைச் செய்தவர்க்கோ அவ்வாறு பெயர் பொறிக்கும் வழக்கம் இருக்கவில்லை.

இவ்வேற்றுமையின் பயனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு காட்டிற்று. 1876இல் சப்பானிய அரசு, பொதுமக்கள் வாள் அணிந்து திரிதலைத் தடைசெய்தது. வாளணி செதுக்குவோரின் பிழைப்பு தளர்ந்தது. எனினும் அவர்தம் திறமை மதிப்பிழக்கவில்லை. அவர்களுள் ஒருவரான கானோ நட்சுவோ அத்தடைக்கு முன்னரே புதிய நாணயங்களுக்கு அச்சு வடிக்க அழைக்கப்பெற்றிருந்தார். பின்னர் தோக்கியோ கலைப்பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கினார்.

தஞ்சையில் நேர்ந்தது வேறு. 1855இல் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தபின் அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1860களில் அரண்மனைப் படைக்கலச்சாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. சென்னை மாகாண ஆட்சிப்பணியாளர் எம். ஜே. வால்ஹவுஸ் என்பார் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அப்படைக்கலச்சாலையைப் பற்றி எழுதிய கட்டுரையே இன்றும் நமக்கு முதன்மையான சான்று. தப்பியவற்றுள் சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்வரை சென்று, அங்கே கண்ணாடிப் பேழையில் போற்றப்படுகின்றன. ஊர்ப்பெயர் உண்டு, உருவாக்கியவன் பெயர் இல்லை.

உடைத்தவர் அயலார் என்று கூறி நாம் அமைதி கொள்ளல் ஆகாது. செய்தவனை அறியாத பொருள் எடைக்கு விற்கப்படுவது எளிது. நம் நாட்டிலும் அவனைக் கேட்டறிந்து எழுதிவைத்தவர் இலர். அரசன் கொடையையும் வீரன் மறத்தையும் பாடிய நாவுகள், உலைக்கூடத்தின் வாயிலில் நின்று ‘உன் பெயர் என்ன?’ என வினவியிருந்தால், இன்று அந்த வெற்றிடம் இராது.

பத்தாண்டு நிறைவெய்தும் நம் இலக்கிய வட்டத்தார்க்கு இதில் ஒரு கடமை உள்ளது. நம் சுற்றுவட்டாரத்தில் அரிவாளும் கொழுவும் அடிக்கும் கொல்லர், தச்சர், கன்னார் ஆகியோரை நாடிச் சென்று, அவர்தம் பெயர்களையும், கருவிகளின் பெயர்களையும், தொழிற்சொற்களையும் எழுதிவைப்போமாக. கவிஞர்க்கு அச்சொற்கள் புதுச்செல்வமாகும். எழுதியவன் தன் பெயரோடு எழுதி முடித்த கல்வெட்டு நிற்கும் ஊரில், இப்பணி தொடங்குதல் பொருத்தமே.