வள்ளியம்மை: பதினாறு வயசோடு நின்னு போனவ

எழும்பூர் பாந்தியன் ரோட்டுல கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் இருக்கு இல்லையா, அந்தக் கட்டடத்துக்குப் பேர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. தீபாவளித் தள்ளுபடியில போர்வை வாங்கிட்டு வர்றவங்ககிட்ட "யாருங்க அவங்க?"ன்னு கேட்டா, "சுதந்திரப் போராட்டத் தியாகி"ன்னு பதில் வரும். அதுக்கு மேல ஒண்ணும் வராது.

இத்தனைக்கும் அந்தப் பொண்ணு பொறந்தது ஜோகன்னஸ்பர்க்ல, 1898 பிப்ரவரி 22. தில்லையாடி அம்மாவோட ஊர், தரங்கம்பாடி பக்கம். அப்பா முனுசாமி முதலியார் வியாபாரி.

ஆனா கதை நம்ம ஏரியா கடற்கரையிலதான் ஆரம்பிக்குது. 1860 அக்டோபர்ல மதராஸ்லேர்ந்து ட்ரூரோங்கிற கப்பல் 342 பேரை ஏத்திக்கிட்டுக் கிளம்பி, நவம்பர் 16 அன்னைக்கு டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. தென்னாப்பிரிக்காவுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவங்கதான். அப்போ இங்க துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். மசூலா படகுல அலையைத் தாண்டிப் போய் ஏறணும். அந்த அலை எப்படின்னு ராயபுரம், காசிமேடு ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1911 வரைக்கும் இப்படி நேட்டாலுக்குப் போனவங்க ஒன்றரை லட்சம் பேர், அதுல பெரும்பகுதி மதராஸ் வழியா.

ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்குத் திரும்பாம, மறுபடி கூலி ஒப்பந்தமும் போடாம அங்கேயே இருந்தா வருஷத்துக்கு மூணு பவுன் தலைவரின்னு 1895ல சட்டம் போட்டாங்க. முதல் வருஷக் கூலி மாசம் பத்து ஷில்லிங். மூணு பவுன்னா அறுபது ஷில்லிங். ஆறு மாசக் கூலி! 1903ல அதைப் பிள்ளைங்களுக்கும் நீட்டிச்சாங்க: பையன்னா 16 வயசு, பொண்ணுன்னா 13.

வள்ளியம்மை வீட்டுக்கு இந்த வரி கிடையாது. அவங்க இருந்தது டிரான்ஸ்வால்ல, கூலிக் குடும்பமும் இல்லை. ஆனா 1913 மார்ச் 14ல கேப் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் பண்ணாத கல்யாணம் செல்லாதுன்னு. ஒரே நாள்ல நம்ம அம்மாங்க எல்லாம் சட்டப்படி மனைவி இல்லைன்னு ஆயிட்டாங்க. அதுவரைக்கும் வீட்டோட இருந்த பெண்கள் வெளிய வந்தது அப்புறம்தான். அவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழச்சிங்க. அவங்க நியூகாசில் போய்ப் பேசித்தான் அக்டோபர்ல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. காந்தி இவங்களை எழுதும்போதெல்லாம் "சகோதரிகள்"னுதான் எழுதுவார்.

பின்னாடி போன கோஷ்டியில வள்ளியம்மையும் அவ அம்மாவும். டிசம்பர் 22 தண்டனை, மூணு மாசம் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. மோசமான சாப்பாடு, துணி துவைக்கிற வேலை. உள்ள போன கொஞ்ச நாள்லயே காய்ச்சல். முன்கூட்டியே விடறோம்னு அதிகாரிங்க சொன்னதுக்கு மாட்டேன்னுட்டா. 1914 பிப்ரவரி 22, தன்னோட பதினாறாவது பிறந்தநாள் அன்னைக்கே செத்துப்போனா. தண்டனைக் கணக்குப்படி பார்த்தா இன்னும் ஒரு மாசம் பாக்கி.

இதுல என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு. விடுதலைக்கப்புறம் அவ ஒரு மாசம் போல உயிரோட இருந்தான்னு 1915 ஏப்ரல்ல சென்னை வரவேற்புக் கூட்டத்துல காந்தி சொல்றார். எட்டு ஒன்பது வருஷம் கழிச்சு எரவாடா சிறையில புத்தகமா எழுதும்போது அது "சில நாள்"னு சுருங்கிடுது. வேற யாராவது இதைக் காட்டி காந்தியைக் குத்தம் சொல்லலாம். எனக்குத் தோணலை. என் தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கும்போது காய்ச்சல்ல போனா. பதினோரு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில எத்தனை நாள் இருந்தாங்கிறதுக்கு அம்மா ஒரு கணக்கு சொல்றாங்க, நான் ஒரு கணக்கு சொல்றேன். திருவொற்றியூர் வீட்டு அலமாரியில அவ ஜியாமெட்ரி பாக்ஸ் மட்டும் மாறாம இருக்கு. வள்ளியம்மைக்கு அது மாதிரி ஒரு பொருளும் நமக்குத் தெரியாது. அவ பேச்சுன்னு நம்மகிட்ட இருக்கறது, படுக்கையில கிடந்தவகிட்ட காந்தி கேட்டு எழுதி வெச்சதுதான். ஜெயிலுக்குப் போனதுக்கு வருத்தப்படறியான்னு கேட்டதுக்கு, இப்பக்கூட போகத் தயார்னு சொன்னாளாம். சரி. அவ யார்கூட சண்டை போடுவா, எதுக்குச் சிரிப்பா? அதையெல்லாம் யாரும் எழுதலை.

அந்த இடைவெளியில கதை புகுந்துடுது. சேலையைக் கிழிச்சு மூவர்ணக் கொடியா காட்டினா, அதுதான் நம்ம தேசியக் கொடியாச்சுன்னு மேடையில பேசுவாங்க. நான் நம்பலை. கொடி 1921ல பிங்கலி வெங்கய்யா கொண்டு வந்த சிவப்பு பச்சையில தொடங்கி, 1931லதான் காவி வெள்ளை பச்சைன்னு நின்னுச்சு. அவளுக்குக் கொடிக்கதை தேவையும் இல்லை.

1914 நடுவுல இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூணு பவுன் வரி போச்சு, நம்ம கல்யாணங்களும் செல்லுபடியாச்சு. ஜூலை 15ல ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டைன் இடுகாட்டுல வள்ளியம்மைக்கும், 1909ல சிறையிலேர்ந்து வந்து ஒரே வாரத்துல செத்துப்போன 18 வயசு நாகப்பனுக்கும் வெச்ச கல்லைக் காந்தி திறந்து வெச்சார். மூணு நாள் கழிச்சு கப்பல் ஏறிட்டார். வள்ளியம்மை பேர்ல ஒரு ஹால் கட்டறதா அங்க இருந்த இந்தியர்கள் தீர்மானம் போட்டாங்க. அதைக் கட்டவே இல்லைன்னு காந்தியே வருத்தப்பட்டு எழுதியிருக்கார். இங்க தபால்தலை வந்தது 2008ல.

அடுத்த வருஷம் ஏப்ரல் 17ல காந்தி மதராஸ் வந்து, தம்புச் செட்டித் தெருவுல ஜி.ஏ. நடேசன் வீட்டுல தங்கினார். அங்கிருந்து தெற்கே ரயில் ஏறி, மே 1 அன்னைக்கு தில்லையாடி போனார்.