ரியாத் பரிசும் லயோலா வழக்கமும்

வளைகுடா நாடுகளைக் குறித்து நம்மவர் எழுதுங்கால் எண்ணெய்க் கிணறுகளையும் ஊதியத்தையும் வானளாவிய மாளிகைகளையுமே வருணித்துப் பழகிவிட்டமையால், வட ஆர்க்காட்டுத் தண்டரை என்னும் சிற்றூரிற் பிறந்த எம். எஸ். நரசிம்மன், 2006-ஆம் ஆண்டில் கணித சாஸ்திரத்துக்கென மன்னர் ஃபைசல் சர்வதேசப் பரிசை ரியாத் நகரிற் பெற்ற செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. அவரோடு அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஆங்கிலேயரான சைமன் டொனால்ட்சன். நரசிம்மனும் காஞ்சிபுரத்துச் சி. எஸ். சேஷாத்ரியும் 1965-இல் நிறுவிய தேற்றத்துக்கு 1983-இல் முற்றிலும் வேறொரு மார்க்கத்தில் நிரூபணம் கண்டவர் அவரே.

அந்தத் தேற்றத்தின் பூர்வீகத்தைத் தேடிச் செல்வோமாயின் சென்னை லயோலாக் கல்லூரியில் வந்து நிற்போம். பாரிசில் முனைவர் பட்டம் பெற்று, ஆந்திரே வெய்ல், ஆன்ரி கார்த்தான் முதலியோரின் நட்பைச் சம்பாதித்து, 1937-இல் இந்தியாவுக்கு வந்த ஃபாதர் ரசீன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், அக்கல்லூரியில் பரீட்சைப் பாடத்துக்கு அப்பாற்பட்ட நவீன கணிதம் ஒன்று உண்டென்பதைத் தம் மாணாக்கர் செவியில் இடைவிடாது ஓதிவந்தார். நரசிம்மனும் சேஷாத்ரியும் அவரிடம் பயின்று 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தனர். 1957-இல் அதே வழியிற் சென்றவர்கள் சி. பி. ராமானுஜமும் ராகவன் நரசிம்மனும்.

டாடா நிலையத்தில் அக்காலத்து நிலவிய ஒரு சம்பிரதாயத்தை இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். வெளிநாட்டு மேதை ஒருவர் வந்து உபந்நியாசம் செய்வார்; இளம் மாணாக்கன் ஒருவன் அதனைக் குறிப்பெடுத்து, விடுபட்ட படிகளை நிரப்பி, நிரூபணத்தைத் தானே சரிபார்த்து, நூலாக எழுதித் தரவேண்டும். ஜெர்மானியக் கணித அறிஞர் மாக்ஸ் டாய்ரிங் நிகழ்த்திய உரைகளை எழுதியபோது ராமானுஜத்துக்கு வயது இருபதை ஒட்டியிருந்தது. பின்னர் ரஷ்யக் கணித அறிஞர் ஷஃபரேவிச்சின் உரைகளை எழுதியபோது, பிழைகளைத் திருத்தியதோடு நில்லாமல் பல நிரூபணங்களை நிறைவும் செய்தார் என்று ஷஃபரேவிச்சே நன்றியுடன் ஒப்புக்கொண்டார். பெரியவர் விட்டுச் சென்ற இடைவெளியைச் சிறியவர் நிரப்பும் இந்தப் பயிற்சிக்கு நிகரான வகுப்பறை இல்லை என்பது என் திண்ணமான எண்ணம்; தனக்குப் புரிந்துவிட்டதென்று ஒருவன் நம்பியிருந்தது, பிறனுக்கு விளங்க எழுத உட்காரும்போதுதான் சோதனைக்குள்ளாகிறது.

ராகவன் நரசிம்மன் பிற்காலத்தில் சிகாகோ சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அவர் பணியாற்றிய அதே கணிதத் துறையில், 2003-இல், ஆராய்ச்சி மாணவர்களே முன்னின்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர்: பட்ட வகுப்பு மாணவர் ஒருவர், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர் ஒருவர், இருவருக்கும் பொதுவாகப் பாடத்திட்டத்துக்குப் புறம்பான ஒரு நூல், வாரந்தோறும் சந்திப்பு, பருவ முடிவில் இளையவர் தாம் கற்றதைச் சபையில் எடுத்துரைப்பார். அமெரிக்க சர்வகலாசாலைகள் பலவற்றில் இன்று இது பரவிவிட்டது. மதிப்பெண்ணுக்கு அஞ்சாமல் அறியாமையைக் கேள்வியாகக் கேட்கக்கூடிய இடம், நேற்றுத்தான் அதே பக்கத்தில் இடறி எழுந்த ஒருவரின் பக்கத்து நாற்காலியே.

வளைகுடாவின் சில சர்வகலாசாலைகளில் இத்தகைய ஜோடிகளை அமைப்பதற்கு ஒரு விசித்திரமான தடை உண்டு. சவூதி அரேபியாவின் செங்கடற்கரையில் துவல் என்னுமிடத்தில் 2009-இல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா சர்வகலாசாலை, மேற்பட்டப் படிப்புக்கே உரியது. தோகா கல்வி நகரில் 2004-இல் தொடங்கிய கார்னெகி மெலன் கிளையோ இளநிலைப் பட்டத்துக்கே உரியது. இவற்றில் மூத்தோர் ஓரிடத்தும் இளையோர் வேறோரிடத்துமாகப் பிரிந்துகிடக்கின்றனர். திரையில் முகம் பார்த்துப் பேச இயலும் இக்காலத்தில் அத்தூரம் பெரிதன்று. துவலில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தமிழ் மாணவர், துபாயிலோ மஸ்கட்டிலோ பட்ட வகுப்பில் பயிலும் ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மம்ஃபோர்டோ ரூடினோ எழுதிய கணித நூலொன்றை நடுவே வைத்துக்கொண்டு தொடங்கலாம். அதற்கு எந்த நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.